பித்தளைச் சங்கிலியும் அச்சுக்காரரின் பெயரும்: வுட் நாணய விவகாரத்தில் டப்ளினின் ஒற்றைத்தாள் அங்கதப் பாட்டுகள், 1720–1736

பதினெட்டாம் நூற்றாண்டு அயர்லாந்தின் அங்கதக் கவிதை என்றாலே பேச்சு ஜொனதன் ஸ்விஃப்ட்டில் தொடங்கி ஸ்விஃப்ட்டிலேயே முடிந்துவிடுகிறது. டப்ளின் புனித பாட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குருவாக 1713 முதல் இருந்த அவருடைய மேதைமை மறுக்க முடியாததுதான். ஆனால், 1724இல் அந்நகரத் தெருக்களில் கூவி விற்கப்பட்ட தாள்களில் அவர் பெயர் இல்லை. பல தாள்களில் காணக்கிடைப்பது அச்சிட்டவரின் பெயரே: ஃபிஷாம்பிள் தெருவை ஒட்டிய மோல்ஸ்வொர்த் கோர்ட்டில் அச்சகம் வைத்திருந்த ஜான் ஹார்டிங். வில்லியம் வுட் என்பவரின் செப்புக் காசுகளுக்கு எதிரான போராட்டத்தை அந்த அச்சகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒற்றைத்தாள் பாட்டு என்ற வடிவம் எப்படி இயங்கியது, யாரைக் காத்தது, யாரைக் காட்டிக்கொடுத்தது என்பது தெளிவாகும்.

காசும் கணக்கும்

அயர்லாந்தில் சில்லறைக் காசுக்குத் தட்டுப்பாடு இருந்தது உண்மை. அதைப் போக்குவதாகச் சொல்லி, இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனைச் சேர்ந்த இரும்புத் தொழிலதிபர் வில்லியம் வுட்டுக்கு, அயர்லாந்துக்கான அரைப்பென்னி, கால்பென்னிக் காசுகளை 14 ஆண்டுகள் அடித்துத் தரும் உரிமையை 1722 ஜூலையில் லண்டன் அரசு வழங்கியது. மொத்தம் 360 டன் செம்பு. ஒரு பவுண்டு எடையுள்ள செம்பில் 30 பென்ஸ் மதிப்புக்குக் காசு அடிக்கலாம் என்பது ஏற்பாடு. இதன்படி காசுகளின் முகமதிப்பு 1,00,800 பவுண்டு ஆகிறது. அதே காலத்தில் இங்கிலாந்துக்காக அடிக்கப்பட்ட செப்புக் காசில் ஒரு பவுண்டு எடைக்கு 23 பென்ஸ்தான். எடைக்கு ஏழு பென்ஸ் வித்தியாசம் என்பது 360 டன்னுக்கு 23,520 பவுண்டாகப் பெருகுகிறது. இந்த உரிமை முதலில் மன்னர் முதலாம் ஜார்ஜின் காதலியான கெண்டல் கோமாட்டியின் கைக்குப் போய், அவரிடமிருந்து 10,000 பவுண்டு கொடுத்து வுட் வாங்கியது என்பது அன்றே ஊரறிந்த செய்தி.

பணத்தைவிட ஆழமாகப் புண்படுத்தியது நடைமுறை. அயர்லாந்து நாடாளுமன்றத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன், 1720இல், அயர்லாந்துக்கும் சேர்த்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என்று லண்டன் நாடாளுமன்றம் சட்டமாகவே அறிவித்திருந்த நிலையில், இந்தக் காசு அந்தச் சட்டத்தின் சட்டைப்பைப் பதிப்பாகவே டப்ளின்காரர்களுக்குத் தோன்றியது. 1723இல் அயர்லாந்து நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மன்னருக்கு முறையிட்டன. 1724 ஏப்ரலில், அரச நாணயச்சாலையின் தலைவராக இருந்த ஐசக் நியூட்டனின் மேற்பார்வையில் லண்டனில் காசுகள் சோதிக்கப்பட்டு, உலோகம் தரமானதே என்று அறிக்கை வந்தது. பிறகு மொத்த அளவு 40,000 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. எதிர்ப்பு அடங்கவில்லை.

1720இன் ஒத்திகை

ஹார்டிங்குக்கு முன் எட்வர்ட் வாட்டர்ஸ் என்ற அச்சுக்காரர் இருந்தார். அயர்லாந்து மக்கள் உள்நாட்டுத் துணியையே உடுத்த வேண்டும் என்று வாதிட்டு ஸ்விஃப்ட் பெயரின்றி எழுதிய துண்டுநூலை 1720இல் அச்சிட்டவர் அவர். வழக்கு அவர் மீது பாய்ந்தது. அரச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி வில்லியம் விட்ஷெட் விசாரித்தார். ஜூரர்கள் ‘குற்றவாளி அல்ல’ என்று வந்து சொல்ல, அவர்களை ஒன்பது முறை திருப்பி அனுப்பி, பதினொரு மணி நேரம் அடைத்துவைத்து, கடைசியில் தீர்ப்பை நீதிபதியின் முடிவுக்கே விட்டுவிடும்படி செய்தார். அந்த வழக்கு பின்னர் 1721இல் அரசப் பிரதிநிதியின் தலையீட்டால் கைவிடப்பட்டது என்றாலும், அச்சுத் தொழிலில் இருந்த ஒவ்வொருவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

1720இல் அந்த வழக்கைப் பற்றி ஸ்விஃப்ட் எழுதிய பாட்டு, பின்னால் வந்தவற்றுக்கெல்லாம் முன்மாதிரி. ‘பேக்கிங்டன்ஸ் பவுண்டு’ என்ற, எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டுக்கு அது அமைக்கப்பட்டது. பாடுபவர் அரசு விசுவாசி போல வேடம் போடுகிறார். ஆங்கிலேயப் பட்டுகளை வகைவகையாக அடுக்கிக் காட்டி, அவற்றை உடுத்தாதவன் மன்னரை நேசிக்காதவன் என்கிறார். தலைமைக் குருவும் அச்சுக்காரனும் என்ன செய்தாலும் நம் மனைவிக்கும் மகளுக்கும் ஆங்கிலேயப் பட்டுதான் வாங்குவோம் என்று முழங்குகிறார். எதிரியின் குரலில் பாடியே எதிரியை அம்பலப்படுத்தும் உத்தி இது. இப்படிப்பட்ட பாட்டில் அரசுத்துரோகம் எந்த வரியில் இருக்கிறது என்று ஒரு வழக்கறிஞர் விரல்வைத்துக் காட்டுவது கடினம். வரிக்கு வரி ராஜபக்திதான் எழுதியிருக்கிறது.

தாளும் தெருவும்

ஒற்றைத்தாள் என்பது அச்சுத் தொழிலில் மிகக் குறைந்த முதலீடு கேட்கும் சரக்கு. தைக்க வேண்டாம், மடிக்க வேண்டாம், அட்டை வேண்டாம். ஒரு பக்கத்தில் மட்டும், அல்லது இரு பக்கங்களிலும், எழுத்துக் கோத்து ஒரே இரவில் அடித்துக் காலையில் கூவி விற்பவர்களிடம் கொடுத்துவிடலாம். தூக்கில் போடப்படுபவர்களின் ‘இறுதி வாக்குமூலம்’, கொலைச் செய்தி, காதல் பாட்டு ஆகியவையும் இதே வடிவில், இதே ஆட்களின் கையில்தான் விற்பனையாயின. ஸ்விஃப்ட் இந்தத் தெருச் சரக்குகளை இகழ்ந்து ஒதுக்கவில்லை. அவற்றின் உடையைத் திருடிப் போட்டுக்கொண்டார். வுட்டின் கொடும்பாவியைத் தூக்குமேடைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோன கதையை அவர் எழுதியபோது, அது கைதியின் இறுதி நேர வெளியீடு போலவே உருவம் கொண்டது. டப்ளின் பேராயர் வில்லியம் கிங்கைப் புகழ்ந்து 1724இல் வெளிவந்த பாட்டு, பேராயரின் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் ஃபிங்கல் விவசாயி ‘நேர்மையான ஜோ’ பாடியதாகத் தலைப்பிலேயே சொல்லிக்கொண்டது.

மெட்டும் பல்லவியும் இந்த வடிவத்தின் உயிர். அயர்லாந்தின் நாட்டுப்புறத்தாரையும் நகரத்தாரையும் கூவி அழைத்துத் தொடங்கும் ஒரு பாட்டில், காசு வந்தால் உழவும் ரொட்டி சுடுவதும் மது வடிப்பதும் நின்றுபோகும் என்று எச்சரித்துவிட்டு, இதை எவராலும் மறுக்க முடியாது என்ற அடி திரும்பத் திரும்ப வருகிறது. பாடகர் ஒருவர் முன்னடியைப் பாட, கூட்டம் பல்லவியை ஏற்கும்போது, கேட்டவர் எல்லோரும் சாட்சி சொன்னவர்களாகிவிடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாதத்துக்குள் வந்துவிடுகிறார். 1724இன் தொடக்கம் முதல் ‘எம். பி., துணி வணிகர்’ என்ற புனைபெயரில் ஸ்விஃப்ட் எழுதிய உரைநடைக் கடிதங்களும் எளிய மக்களுக்காகவே எழுதப்பட்டவை. அதில் கானலி என்ற பெருநிலக்கிழார் தன் அரையாண்டுக் குத்தகைப் பணத்தை வுட்டின் காசாக ஏற்றிவர 250 குதிரைகள் தேவைப்படும் என்ற கணக்கு இன்றும் சிரிக்க வைக்கிறது. ஆனாலும் கடிதத்தை யாராவது உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பாட்டுக்கு அது தேவையில்லை.

‘ப்ரொமீதியஸ்’

1724இல் ஒற்றைத்தாளாக வெளிவந்த ‘ப்ரொமீதியஸ்’ இந்த வகையில் மிகச் சிறந்தது என்பது என் மதிப்பீடு. மற்றவற்றில் ‘வுட்’ என்றால் ஆங்கிலத்தில் மரக்கட்டை என்பதை வைத்துச் சிலேடைகள் கொட்டப்படுகின்றன. ‘வில்லியம் வுட்டைப் பற்றிய ஒரு தீவிரக் கவிதை’ என்ற பாட்டு, விவிலியத்தின் விறகு வெட்டிகளையும் தண்ணீர் சுமப்பவர்களையும் இழுத்துவந்து, அயர்லாந்துக்காரர் விறகு வெட்டிகளாக இருப்பதில் இனி மகிழ்ச்சியே என்கிறது. இரண்டு சிலேடை ருசிக்கிறது, இருபது திகட்டுகிறது. ‘ப்ரொமீதியஸ்’ அப்படியல்ல. அதில் ஒரு கருத்து உருவகமாகி, உருவகம் வாதமாகி, வாதம் அச்சுறுத்தலாக முடிகிறது.

தொடக்கத்தில் ஓட்டை உடைசல் அடைக்கும் தட்டானாக வுட் வருகிறார். கொல்லன் பட்டறைத் தூசி, செம்பு, ஈயம், பித்தளை எல்லாவற்றையும் உருக்கிக் கலந்து, தகடாக்கி, வெட்டி, அச்சில் அடிக்கிறார். எல்லாக் காசிலும் ஒரே முத்திரை விழுகிறது. உடனே கவிதை அந்த உலைக்களத்தை நாட்டின் மீது திருப்புகிறது. விக் கட்சியினர், டோரி கட்சியினர், மன்னரின் ஹனோவர் மரபை ஆதரிப்பவர், குவேக்கர், பிரெஸ்பிட்டேரியன், ஸ்காட்லாந்தார், ஐரிஷ்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என ஒன்றுக்கொன்று ஒட்டாத கூட்டங்களெல்லாம் இந்தக் காசின் மீதான வெறுப்பில் உருகி ஒரே கட்டியாகி, ஒவ்வொருவர் மனத்திலும் ஒரே முத்திரை பதிகிறது. வுட்டின் கள்ள உலோகக் கலவைதான் அயர்லாந்தை முதன்முறையாக ஒரு நாணயமாக அடித்திருக்கிறது என்பது இதன் உட்பொருள்.

இது வெறும் கவிச் சாமர்த்தியம் அல்ல என்பதற்கு எதிர்த்தரப்பிலிருந்தே சான்று இருக்கிறது. 1724 நவம்பரில் ஆர்மாவின் பேராயராக லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட ஹியூ போல்ட்டர், ஆங்கிலேய நலனின் காவலர். அவர் 1725 ஜனவரியில் நியூகாசில் கோமானுக்கு எழுதிய கடிதத்தில், எல்லா மதத்தாரும் எல்லாக் கட்சியினரும் இந்தக் காசுக்கு எதிராக ஒன்றுபட்டிருப்பதையும், அதனால் கத்தோலிக்கர்களும், முடியிழந்த ஸ்டூவர்ட் அரச மரபை ஆதரித்த ஜாக்கோபைட்டுகளும் விக் கட்சியினரோடு நெருங்கிப் பழகத் தொடங்கிவிட்டதையும் கவலையோடு குறிப்பிட்டார். கவிஞர் கொண்டாடியதும் பேராயர் அஞ்சியதும் ஒன்றேதான். ஒரு வித்தியாசம் மட்டும் கவனிக்கத்தக்கது: போல்ட்டர் கத்தோலிக்கர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்; கவிதையின் பட்டியல், நாட்டின் பெரும்பான்மையினரான அவர்களை ‘ஐரிஷ்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிக் கடந்துவிடுகிறது. ஸ்விஃப்ட் கட்டிய ஒற்றுமை, ஆங்கிலம் பேசும் புராட்டஸ்டன்ட் டப்ளினின் கூடத்தில் கூடிய ஒற்றுமை. ஐரிஷ் மொழியின் வலிமையான வசைக்கவி மரபு அப்போதும் கையெழுத்துப் படிகளிலும் நாவிலும்தான் வாழ்ந்தது. ஹார்டிங்கின் எழுத்துப்பெட்டிக்குள் அது வரவில்லை.

கவிதையின் பிற்பாதி தொன்மக் கதை. தேவர்களின் அரசனான ஜோவின் அரியணையிலிருந்து உலகைத் தாங்கித் தொங்கும் பொற்சங்கிலியைப் ப்ரொமீதியஸ் திருடி, உருக்கிக் காசடித்துவிட்டு, அதனிடத்தில் பித்தளைச் சங்கிலியை மாட்டிவிடுகிறான். அது கண்டுபிடிக்கப்படாமல் போனதற்குக் காரணம், காதல் தெய்வமான வீனஸ் லஞ்சம் வாங்கிக்கொண்டது என்று போகிற போக்கில் ஒரே ஓர் அடி. கெண்டல் கோமாட்டியையும் 10,000 பவுண்டையும் இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியாது. பித்தளைச் சங்கிலி தொங்கும் காலத்தில் கோயில்கள் எழுவதில்லை, பலிகள் இடப்படுவதில்லை. ஜோவ் மோசடியைக் கண்டுபிடித்துத் திருடனைப் பாறையில் கட்டுகிறார்; அங்கே கழுகுகள் அவன் ஈரலைத் தின்கின்றன.

பிறகு கவிஞர் கதையை விளக்கப் புகுகிறார். ப்ரொமீதியஸ் வுட், ஜோவ் மாட்சிமை தங்கிய மன்னர், அவருக்குக் கடவுள் அருள்க. பொற்சங்கிலி குடிகளையும் மன்னரையும் பிணைப்பது. மன்னருக்கும் நமக்கும் இடையே பித்தளைதான் ஓடும் என்றால், சங்கிலி அறாவிட்டாலும் பக்தி தளரக்கூடும் என்கிறது பாட்டு. அரசுத்துரோகத்தின் விளிம்பில் பெருவிரலை வைத்து நிற்கும் அடி இது. மன்னர் குற்றமற்றவர், ஏமாற்றப்பட்டவர் என்ற வேடம் கடைசிவரை கலையவில்லை; ஆனால் விசுவாசம் நிபந்தனைக்கு உட்பட்டது என்ற செய்தி வெளிவந்துவிட்டது. முடிவில் அந்தப் பித்தளைச் சங்கிலி தூக்குக்கயிறாகி வுட் காற்றில் தொங்குவார், ஈரலைத் தின்னக் கழுகு கிடைக்காவிட்டால் இங்கே காக்கைகள் உண்டு என்று தெருப்பேச்சுக்கு இறங்கி நிற்கிறது.

இதில் உண்மை எவ்வளவு? தூசி, ஈயம், பித்தளை என்பவை நியூட்டனின் சோதனைக்கு முரணானவை. காசின் உலோகம் பற்றிய ஸ்விஃப்ட்டின் குற்றச்சாட்டுகள் உரைநடையிலும் மிகைப்படுத்தப்பட்டவையே. கடிதத்தில் அது வாதத்தின் பலவீனம்; எதிராளி சோதனை அறிக்கையை நீட்டி மறுக்க முடியும். பாட்டை அறிக்கையால் மறுக்கப் போகிறவர் தாமே நகைப்புக்கிடமாவார். அங்கதப் பாட்டுக்குக் கிடைத்த இந்தச் சலுகையை ஸ்விஃப்ட் தயக்கமின்றிப் பயன்படுத்திக்கொண்டார் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அக்டோபர், நவம்பர்

புதிய அரசப் பிரதிநிதி கார்ட்டரெட் பிரபு 1724 அக்டோபர் 22 அன்று டப்ளினில் இறங்கினார். அன்றே துணி வணிகரின் நான்காம் கடிதம் விற்பனைக்கு வந்தது. அயர்லாந்து மக்கள் இங்கிலாந்துக்காரர்களைப் போலவே சுதந்திரமானவர்கள் என்று அது வெளிப்படையாக அறிவித்ததால் அரசு சும்மா இருக்க முடியவில்லை. எழுதியவரைக் கண்டுபிடித்துத் தருவோருக்கு 300 பவுண்டு பரிசு என்று அக்டோபர் 27 அன்று பிரகடனம் வெளியானது. எழுதியவர் யார் என்று நகரத்தில் தெரியாதவர் இல்லை. தெரிந்ததைச் சத்தியம் செய்து சொல்லத்தான் ஆள் இல்லை. யோனத்தான் சாவானோ, இஸ்ரவேலில் இத்தனை பெரிய மீட்பைச் செய்தவன் அவனல்லவா என்று மக்கள் சவுலைக் கேட்கும் 1 சாமுவேல் நூலின் வசனம் ஊரெங்கும் பரவியது. ஜொனதன் என்ற பெயருக்கு இதைவிட நல்ல கேடயம் கிடைத்திருக்காது.

நவம்பரில் ஹார்டிங் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டை வழக்காக ஏற்கலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரிக்கு அறிவுரை கூறி ஸ்விஃப்ட் நவம்பர் 11 தேதியிட்டு இன்னொரு தாளை வெளியிட்டார். தலைமை நீதிபதி விட்ஷெட் அந்தத் தாளையே குற்றமாக அறிவிக்கும்படி கிராண்ட் ஜூரியிடம் வற்புறுத்தினார், அவர்கள் மறுத்தனர். நவம்பர் 21 அன்று கோபத்தில் அந்தக் குழுவையே கலைத்தார். புதிதாக அமைந்த குழு, 28ஆம் தேதி, வுட்டின் காசைப் புழக்கத்தில் விட முயல்வோரையே குற்றம் சாட்டி எழுதிக்கொடுத்தது.

விட்ஷெட்டின் குதிரை வண்டியில் ‘சுதந்திரமும் பிறந்த மண்ணும்’ என்ற பொருளில் இலத்தீன் விருதுவாக்கு ஒன்று எழுதப்பட்டிருந்தது. ஸ்விஃப்ட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. அழகான சொற்கள், எங்கே திருடினாய் என்று கேட்கும் இரண்டடிகளில் இலத்தீன் வாக்கின் ஓசைக்கே ஆங்கில எதுகை வைத்துப் பூட்டியிருக்கிறார். நீதிபதி 1727இல் இறந்தார். அவருடைய தீர்ப்புகளை இன்று யாரும் படிப்பதில்லை, அந்த எதுகையைப் படிக்கிறார்கள்.

யார் கொடுத்த விலை

1725 ஆகஸ்டில் வுட் உரிமையைத் திருப்பித் தந்தார்; செப்டம்பரில் கார்ட்டரெட் அதை டப்ளின் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். வுட்டுக்கு நட்டஈடாக ஆண்டுக்கு 3,000 பவுண்டு என எட்டாண்டுகளுக்கு மறைமுகமாக ஏற்பாடானது. ஸ்விஃப்ட் நாட்டின் நாயகனானார். ஜான் ஹார்டிங் இவை எதையும் பார்க்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே அவர் இறந்திருந்தார்.

அச்சகத்தை அவர் மனைவி சாரா ஹார்டிங் தொடர்ந்து நடத்தினார். வெற்றியின் சூடு ஆறுமுன்னரே அவருக்கும் முறை வந்தது. காசு உரிமை நீங்கியதற்காக மன்னருக்கு நன்றி கூறும் தீர்மானத்தில், அவருடைய ‘பேரறிவு’ என்ற சொற்களைச் சேர்ப்பதா என்று பிரபுக்கள் அவையில் விவாதம் நடந்து அந்தச் சொற்கள் தோற்றன. அறிவுத் தெய்வமான மினர்வா பிரபுக்களிடமும் ஆயர்களிடமும் அவமானப்பட்டுப் போவதாக ஓர் ஒற்றைத்தாள் பாட்டு உடனே வெளிவந்தது. அச்சிட்டவர் சாரா. அவை அதைத் தூக்கிலிடுபவர் கையால் எரிக்க உத்தரவிட்டது. சாரா காவலில் வைக்கப்பட்டார். எழுதியவரைத் தேடியவர்களுக்கு வழக்கம்போல் எவரும் கிடைக்கவில்லை.

ஸ்விஃப்ட் அவரைக் கைவிட்டார் என்று சொல்ல முடியாது. 1728இல் அயர்லாந்தின் நிலை பற்றிய துண்டுநூல், அதே ஆண்டு தாமஸ் ஷெரிடனோடு சேர்ந்து நடத்திய ‘இன்டெலிஜென்சர்’ இதழ், 1729இல் ஏழைக் குழந்தைகளை உணவாக்கலாம் என்ற கொடூர அங்கதம் ஆகியவை சாராவின் அச்சகத்திலிருந்தே வந்தன. ஆயினும் ஒரு தாளின் விற்பனையில் கிடைத்த பென்னிகளுக்கும், கணவனை இழந்து காவலுக்கும் போய்வந்த ஒரு பெண்ணின் ஆபத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், அந்த ஆதரவு கடனின் வட்டிக்குக்கூடக் காணாது என்றே எனக்குப் படுகிறது.

பின்னாளில் இந்தப் பாட்டுகள் இடம் மாறின. 1735இல் ஜார்ஜ் ஃபாக்னர் என்ற டப்ளின் அச்சுக்காரர் ஸ்விஃப்ட்டின் படைப்புகளை நான்கு தொகுதிகளாக வெளியிட்டபோது, தெருவில் அனைவருக்கும் தெரிந்திருந்த பெயர்களுக்கு அடிக்குறிப்பு தேவைப்பட்டது. 1736இல் அயர்லாந்து நாடாளுமன்றத்தையே பேய்க்கூட்டமாக்கி ஸ்விஃப்ட் எழுதிய ‘லீஜன் கிளப்’ கையெழுத்துப் படிகளாகவே டப்ளினில் சுற்றியது. அதே ஆண்டு, சீட்டாட்டத்தைப் பற்றிய ஓர் அங்கத வெளியீட்டுக்காக ஃபாக்னரை நாடாளுமன்றம் சிறைக்கு அனுப்பியது. அதை எழுதிய ஜோசையா ஹோர்ட் கில்மோரின் பிஷப். அவர்மேல் யாரும் கைவைக்கவில்லை.